நின்றதா, பொய் சொன்னதா?

கணினியின் கதை – 23

1996 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. தென் அமெரிக்காவின் வடகிழக்கு விளிம்பில் உள்ள பிரெஞ்சு கயானா. அங்கே கூரு ஏவுதளம். ஐரோப்பாவின் புது ராக்கெட்டான ஏரியான் 5-க்கு அன்றுதான் வெள்ளோட்டம். காலை 8.35-க்குக் கிளம்பியிருக்க வேண்டும். பார்வைத் தெளிவு போதவில்லை என்று, 7 நிமிடம் பாக்கி இருக்கையில் கவுன்ட்டவுனை நிறுத்திவைத்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 9.34-க்குப் பிரதான எஞ்சின் பற்றியது. அதிலிருந்து எண்ணினால் 36 விநாடி வரை ஒரு குறையும் இல்லை. பிறகு ராக்கெட் சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எதிர்க்காற்றின் விசை தாங்காமல் பூஸ்டர்கள் பிய்ந்தன. ஏதாவது விபரீதம் என்றால் தன்னைத்தானே தகர்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. அது முறைப்படி வேலை செய்தது.

உள்ளே கிளஸ்டர் திட்டத்தின் நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்கள் இருந்தன. எல்லாமே சதுப்பு நிலத்தில் சிதறி விழுந்தன. சேற்றில் இறங்கித் தேடியவர்களுக்கு, ராக்கெட் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணித்துச் சொல்லும் திசைகாட்டும் கணினிகள் இரண்டும் கிடைத்தன. அவற்றின் நினைவகத்திலிருந்து தகவலும் எடுக்க முடிந்தது. பிரெஞ்சுக் கணித மேதை ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு ஆறு வாரத்தில், ஜூலை 19 அன்று, அறிக்கையைக் கொடுத்துவிட்டது. இந்த வேகமும் வெளிப்படைத்தன்மையும் அபூர்வம். சென்ற இதழில் நாம் பார்த்த தெராக்-25 கதிர்வீச்சு இயந்திரத்தின் கதையில், நோயாளி மேல் நோயாளியாகப் பாதிக்கப்பட்ட பிறகும் 'எங்கள் இயந்திரம் அப்படிச் செய்யாது' என்ற பதில்தானே வந்துகொண்டிருந்தது?

அறிக்கை சொன்ன காரணத்தைக் கேளுங்கள். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புள்ள ஓர் எண், பின்னமும் எழுதக்கூடிய 64 பிட் மிதவைப் புள்ளி வடிவில் இருந்தது. அதை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் ஒரு வரி. கூட்டல், கழித்தல் குறிக்கு ஒரு பிட் போனால், 16 பிட்டுக்குள் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. அன்று வந்த எண் அதைவிடப் பெரியது. படிக்குள் மரக்காலைக் கொட்டியதுபோல வழிந்துவிட்டது. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? அந்தக் கணினியில் இப்படி வழியக்கூடிய மாறிகள் ஏழு இருந்தன. நான்குக்குப் பாதுகாப்பு எழுதியிருந்தார்கள், மூன்றை விட்டுவிட்டார்கள். கவனக்குறைவால் அல்ல. செயலியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஓர் இலக்கு. இந்த மூன்றும் எல்லை தாண்ட வாய்ப்பே இல்லை என்று கருதி விட்டார்கள். ஏரியான் 4 ராக்கெட்டைப் பொறுத்தவரை அந்தக் கருத்து சரி. ஏரியான் 5-ன் கிடைமட்ட வேகமோ அதைப்போல ஐந்து மடங்கு விரைவாக ஏறும். புது ராக்கெட்டின் பாதை விவரத்தை இந்தக் கணினியின் தேவைப் பட்டியலில் சேர்க்கவும் இல்லை, அதை வைத்துச் சோதித்துப் பார்க்கவும் இல்லை.

இன்னும் கேளுங்கள். வழிந்த அந்தக் கணக்கு, ராக்கெட் தரையில் நிற்கும்போது மட்டுமே தேவைப்படுவது, கருவியை நேர்ப்படுத்துவதற்கானது. பறக்கத் தொடங்கியபின் அதற்கு வேலையே இல்லை. ஏரியான் 4 காலத்தில், கவுன்ட்டவுனின் கடைசி விநாடிகளில் நிறுத்தம் வந்தால் முதலிலிருந்து நேர்ப்படுத்தி நேரத்தை வீணாக்க வேண்டாமே என்று, கிளம்பிய பிறகும் அதைச் சிறிது நேரம் ஓடவிட்டிருந்தார்கள். அந்த வசதி 1989-ல் ஒரே ஒரு முறை பயன்பட்டது. ஏரியான் 5-க்கு அது வேண்டியதே இல்லை. இருந்தும், ஓடுகிற ஒன்றைத் தொடுவானேன் என்று விட்டுவைத்தார்கள். இன்னும் பத்து விநாடி போயிருந்தால் அந்தக் கணக்கு தானாகவே ஓய்ந்திருக்கும்.

இப்போது ஒரு பதிவேடு இருக்கிறது, அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதை எழுதுவீர்கள்? எண் வழிந்ததையா, பாதுகாப்பு விடுபட்டதையா, பழைய நிரலை அப்படியே எடுத்துவந்ததையா, சோதனை செய்யாததையா? எல்லாமே உண்மை. எந்த இடத்தில் கேள்வி கேட்பதை நிறுத்துகிறோமோ, அந்த இடத்தில் இருப்பது காரணம் ஆகிவிடுகிறது.

இந்தக் குழப்பம் கூருவில் பிறந்தது அல்ல. ஏற்கெனவே கால் நூற்றாண்டாகப் பலர் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 1975-ல் ஐபிஎம்மின் ஆல்பர்ட் எண்ட்ரஸ், ஓர் இயங்குதளத்தின் சோதனையில் பிடிபட்ட சில நூறு பிழைகளைப் பிரித்துப் பார்த்தார். அவற்றில் கிட்டத்தட்ட பாதி, நிரல் எழுதத் தெரியாததால் வந்தவை அல்ல. செய்ய வேண்டியது என்ன என்பதையே சரியாகப் புரிந்துகொள்ளாததால் வந்தவை. டொனால்ட் கனூத்தோ தன் பிழைகளையே வகைபிரித்தார். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதியபோது பத்தாண்டுகளில் செய்த 850-க்கும் மேற்பட்ட திருத்தங்களை நோட்டுப்போட்டு எழுதிவைத்து, 15 வகையாகப் பிரித்து 1989-ல் அச்சிட்டார். முட்டாள்தனத்துக்கு ஒரு வகை, வெறும் தட்டச்சுப் பிழைக்கு ஒரு வகை. தன் குப்பையைத் தானே கிளறி ஊருக்குக் காட்டும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

சொற்களை ஒழுங்குபடுத்தியவர் என்று ஒருவரைக் காட்ட வேண்டுமானால், பிரான்சின் துலூஸ் நகர ஆய்வகத்தில் இருந்த ழான்-க்ளோத் லாப்ரி. எல்லாவற்றையும் 'பிழை' என்ற ஒரே சாக்கில் கட்டாதீர்கள் என்றார் அவர். ஃபால்ட், எரர், ஃபெயிலியர் என்று மூன்றாகப் பிரித்தார். 1992-ல் இந்தச் சொற்களை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஜப்பானியம் என ஐந்து மொழிகளில் தரும் புத்தகமே வந்தது. தமிழ் அதில் இல்லாததால் நாமே வைத்துக்கொள்வோம்: வழு, பிறழ்வு, முறிவு.

ஏரிக்கரை தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கரையில் நண்டு வளை போட்டிருக்கிறது, அது வழு. ஏரி வற்றிக் கிடக்கும் வரை அந்த வளையால் யாருக்கும் தொல்லை இல்லை. வருடக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். மழை பெய்து தண்ணீர் வளை மட்டத்துக்கு ஏறியதும் கரைக்குள்ளேயே கசிவு தொடங்குகிறது, அது பிறழ்வு. வெளியே இன்னும் ஒன்றும் தெரியாது. ஒரு ராத்திரி கரை உடைத்துக்கொண்டு ஊருக்குள் தண்ணீர் வருகிறதே, அது முறிவு. ஏரியான் 4-ல் வளை இருந்தது, தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறவே இல்லை.

அமெரிக்காவில் இதே காலத்தில் ஜிம் கிரே என்பவர் வேறு ஒரு வழியில் போனார். டேண்டம் என்ற நிறுவனத்தில் வேலை. வங்கி, பங்குச் சந்தை போல ஒரு நிமிடமும் நிற்கக் கூடாத இடங்களுக்கு 'நிற்காத கணினி' விற்ற நிறுவனம் அது. நிற்கவே நிற்காது என்று விற்ற கணினிகள் ஏன் நிற்கின்றன என்று 1985-ல் கணக்குப் பார்த்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள், ஏழு மாதம், 166 முறிவுகள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புதுச்சரக்கின் பாலாரிஷ்டம், அதை ஒதுக்கினார். மீதியில் 42 சதவீதம், கணினியை இயக்குபவர்களும் பராமரிப்பவர்களும் செய்த தவறு. மென்பொருள் 25. வன்பொருள் 18. மின்சாரம் போன்ற சுற்றுப்புறக் காரணங்கள் 14.

இயந்திரம் உடைவதுதான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்த தொழிலுக்கு இது முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி. இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது என்றும் அவரே எச்சரித்தார். தான் செய்த தவறால் கணினி நின்றுபோனால், அதை விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சொல்பவர் யார்? ஆகவே மனிதத் தவறின் உண்மையான பங்கு இன்னும் கூடுதலாகவே இருக்கும். ஐந்து வருடம் கழித்து அவர் மறுபடி கணக்கெடுத்தபோது படம் மாறியிருந்தது. வன்பொருள் மேம்பட்டுவிட்டது, பராமரிப்பும் எளிதாகிவிட்டது. 1989-ல் மென்பொருளின் பங்கு 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

எனக்கு அந்த 1985 அறிக்கையில் முக்கியமாகப் படுவது சதவீதங்கள் அல்ல. வழுக்களை அவர் இரண்டு சாதியாகப் பிரித்தார். ஒன்று போர்பக். இயற்பியலாளர் நீல்ஸ் போர் வரைந்த அணுவைப்போல உறுதியானது. இன்ன உள்ளீடு கொடுத்தால் இன்ன இடத்தில் விழும், நூறு தடவை கொடுத்தால் நூறு தடவையும் விழும். இன்னொன்று ஹைசன்பக். ஹைசன்பர்க் சொன்ன துகளைப்போல, உற்றுப் பார்க்கப்போனால் ஆள் இருக்காது. மெக்கானிக் வந்து நின்றதும் வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆவது நமக்குப் பழக்கம்தானே? அந்த ரகம். இரண்டு வேலைகள் குறிப்பிட்ட ஒரு கணத்தில் ஒன்றோடொன்று மோதினால்தான் வரும்.

சோதனையில் பிடிபடுவது போர்பக். வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்வது பெரும்பாலும் ஹைசன்பக். டேண்டம் கணினிகளில் ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் ஒரு ஜோடி உண்டு. ஒன்று விழுந்தால் மற்றது அதே இடத்திலிருந்து தொடரும். இரண்டிலும் ஓடுவது அதே நிரல்தான் என்றாலும், விழ வைத்த அந்தக் கணத்தின் சூழ்நிலை இரண்டாம் முறை அப்படியே அமையாது. அதனால் தப்பிக்கும். ஒரு பகுதியில் பதிவான 132 மென்பொருள் கோளாறுகளில் இரண்டாவதையும் கவிழ்த்த போர்பக் ஒன்றே ஒன்றுதான் என்று எழுதினார் கிரே. மீதி எல்லாம் மறுமுயற்சியில் மறைந்துவிட்டன.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். காரணம் ஒரு கேள்வி என்றால், நடத்தை இன்னொரு கேள்வி. கோளாறு வந்தபின் கணினி எப்படி நடந்துகொள்கிறது? வாயை மூடிக்கொண்டு நின்றுவிடலாம். சில கேள்விகளுக்கு மட்டும் பதில் தராமல் விடலாம். சரியான பதிலைத் தாமதமாகத் தரலாம். தவறான பதிலைத் தைரியமாகத் தரலாம். இவற்றில் மிக மோசமானது, ஆளுக்கு ஒரு பேச்சு பேசுவது: ஒருவரிடம் 'தாக்கு' என்றும் இன்னொருவரிடம் 'பின்வாங்கு' என்றும் சொல்வது. கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட்டும் இரு தோழர்களும் 1982-ல் இதற்கு 'பைசாந்தியத் தளபதிகள்' என்று பெயர் வைத்தார்கள். லாம்போர்ட் முதலில் யோசித்தது அல்பேனியத் தளபதிகள். அல்பேனியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடும் என்று ஒருவர் சொன்னதால், கோபித்துக்கொள்ள ஆளில்லாத பேரரசுக்கு மாற்றிக்கொண்டார்.

நடத்தை தெரியாமல் காரணத்தை மட்டும் தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வளைகுடாப் போர் ஒரு சாட்சி. சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்புத் தளம். அதன் கடிகாரம் விநாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணும். நமக்கு 0.1 என்பது ஓர் இலக்கத்தோடு முடிந்துவிடும் எண். இரும எண்முறையில் அது முடிவில்லாமல் நீளும். 24 பிட்டோடு வெட்டினால் ஒரு துளி குறையும். ஒரு நாளைக்குச் சில மணி நேரம் ஓட்டிவிட்டு இடம் மாறிப் போகும் நடமாடும் தளம் என்று கருதியே அதை வடிவமைத்தார்கள். அப்படி ஓட்டினால் அந்தத் துளி ஒரு பொருட்டே இல்லை. தஹ்ரானிலோ 100 மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஓடியது. துளிகள் சேர்ந்து விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டன. ஸ்கட் ஏவுகணையின் வேகத்துக்கு அது 687 மீட்டர் தள்ளிப்போன பார்வை. வானத்தில் தப்பான இடத்தைப் பார்த்த ரேடார், ஒன்றும் வரவில்லை என்று இருந்துவிட்டது. 1991 பிப்ரவரி 25 இரவு ஸ்கட் வந்து படைவீரர் குடியிருப்பில் விழுந்து 28 பேர் இறந்தார்கள்.

இதில் கையைப் பிசைய வைப்பது முந்தைய இரு வாரங்கள். 8 மணி நேரம் ஓடினாலே பார்வை கணிசமாக நகர்வதை, பேட்ரியாட் வைத்திருந்த இஸ்ரேலியர்கள் கண்டுபிடித்து, பிப்ரவரி 11 அன்றே தகவல் கொடுத்துவிட்டார்கள். 16-ஆம் தேதி திருத்திய மென்பொருள் தயாராகிவிட்டது. 21-ஆம் தேதி எல்லாத் தளங்களுக்கும் ஒரு செய்தி போனது: மிக நீண்ட நேரம் ஓட்டினால் பார்வை நகரக் கூடும். மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி? அதைச் சொல்லவில்லை. நிறுத்தி மறுபடி கிளப்பினால் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஓரிரு நிமிட வேலை. காரணத்தைத் தெரிந்துகொண்டவர்கள், நேரம் ஆக ஆக மோசமாகும் என்ற நடத்தையை ஓர் எண்ணாக எழுதி அனுப்பியிருந்தால், திருத்தம் வந்து சேரும்வரை கையில் ஒரு மருந்து இருந்திருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26-ல். ஒரு நாள் பிந்தி.

மறுபடி கூருவுக்குப் போவோம். ஏரியானிலும் ஜோடி இருந்தது. திசைகாட்டும் கணினிகள் இரண்டு. ஒன்று வேலை செய்யும், மற்றது தயாராக நிற்கும். வன்பொருளும் ஒன்றே, மென்பொருளும் ஒன்றே. கோளாறு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதிவைத்திருந்தார்கள்: கோளாறு விவரத்தை அனுப்பிவிட்டுச் செயலியை நிறுத்திவிடு. ஒரு கணினியின் ஏதோ ஒரு சில்லு பழுதாகிவிட்டால் இது அருமையான ஏற்பாடு. பழுதானது ஒதுங்கிக்கொள்ளும், நல்லது பொறுப்பேற்கும். அதாவது வடிவமைத்தவர்கள் மனதில் இருந்த கோளாறு தற்செயலான வன்பொருள் கோளாறு ஒன்றுதான். மென்பொருளே தப்பாக இருக்கக் கூடும் என்பதற்கு அவர்கள் பட்டியலில் வகையே இல்லை.

வந்தது பச்சையான போர்பக். அதே எண், அதே நிரல், அதே வழிதல். தயார்நிலையில் இருந்த கணினி முதலில் விழுந்தது. அடுத்த கணக்குச் சுற்றிலேயே, 72 மில்லிவிநாடிக்குள், வேலையில் இருந்ததும் விழுந்தது. பொறுப்பை மாற்றிக்கொள்ள ஆளில்லை. கிரேயின் ஜோடி 132-ல் 131 முறை காப்பாற்றியதும், இங்கே அதே மாதிரி ஜோடி உதவாமல் போனதும் வழுவின் சாதியால்தான். எந்தச் சாதி வழுவுக்கு எந்த மருந்து என்று பார்க்காமல், காய்ச்சலுக்கு மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள்.

அதோடு முடிந்ததா? விழுந்த கணினி முறைப்படி கோளாறு விவரத்தை அனுப்பியது. ராக்கெட்டின் பிரதான கணினிக்கு அது கோளாறு விவரம் என்று தெரியாது. பறக்கும் திசை பற்றிய தகவல் என்று எடுத்துக்கொண்டது. பாதை பயங்கரமாக விலகிவிட்டது என்று நம்பி, இல்லாத விலகலைச் சரிசெய்ய எஞ்சின் முனைகளை முழுக்கத் திருப்பியது. அதுவரை நேராகப் போய்க்கொண்டிருந்த ராக்கெட் அதனால்தான் சாய்ந்தது. நின்றுபோவது என்ற நடத்தைக்குத் திட்டமிட்டிருந்தார்கள். கடைசிக் கணத்தில் அது பொய் சொல்வது என்ற நடத்தையாக மாறிவிட்டது. லியோன்ஸ் குழு இந்த இடத்தில் தாட்சண்யம் காட்டவில்லை. தப்பு என்று தெரியும்வரை மென்பொருள் சரி என்று கொள்வது திட்டம் முழுக்கப் பரவியிருந்த மனப்பான்மை என்று எழுதியது. சரி என்று நிரூபணமாகும்வரை தப்பாக இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும் என்பது குழுவின் கட்சி.

என் தீர்ப்பும் அதுதான், ஒரு சிறு திருத்தத்தோடு. அந்த நிரலை எழுதியவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் எழுதியது ஏரியான் 4-க்கு. அங்கே அது பிசகவே இல்லை. அதை எடுத்து வேறு ராக்கெட்டில் வைத்தவர்கள், பழைய வண்டியின் நற்சான்றிதழையும் சேர்த்து எடுத்துவந்துவிட்டார்கள்.

கிளஸ்டர் செயற்கைக்கோள்களை மறுபடி கட்டினார்கள். 2000-ஆம் ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரண்டிரண்டாக அவை விண்ணுக்குப் போயின. ஏரியான் 5-ல் அல்ல. கஜகஸ்தானின் பைக்கனூரிலிருந்து, ரஷ்யாவின் சோயுஸில்.